வனாந்தரத்தில் இஸ்ரவேலர்: கர்த்தரை நம்புவது ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதத்தில் உள்ள யாத்திராகமத்தையும் எண்ணாகமத்தையும் குழுவாக உட்கார்ந்து வாசிக்கும் இடங்களில் சில கேள்விகள் தவறாமல் எழும். “இத்தனை அற்புதம் பார்த்தும் இந்த ஜனங்கள் நம்பவில்லையே” என்ற சலிப்பும் கூடவே வரும். அந்தச் சலிப்போடு படித்தால் பாதிக் கதை கண்ணில் படாமலே போய்விடும். அந்த ஜனங்களின் பயத்தையும் அவர்களோடு கர்த்தர் பட்ட பாட்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவே இந்தப் பதில்கள்.

“வனாந்தர காலம்” என்பது எதிலிருந்து எதுவரை?

எகிப்திலிருந்து வெளியேறி செங்கடலைக் கடந்தது முதல், யோர்தானைத் தாண்டி கில்காலில் பாளயமிறங்கும் வரை உள்ள ஏறக்குறைய 40 வருஷங்கள். யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் தொடங்கி எண்ணாகமம் முழுக்க ஓடுகிறது. உபாகமத்தில் மோசே அதைத் திரும்பிப் பார்த்துப் பேசுகிறார். யோசுவா 5ஆம் அதிகாரத்தில் முடிகிறது. இடம் என்று பார்த்தால் சீனாய் தீபகற்பம், கானானின் தெற்கு எல்லையில் உள்ள காதேஸ் பர்னேயா, கடைசியில் மோவாபின் சமவெளி.

கடல் பிளந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று நாளில் முறுமுறுத்தது எப்படி?

முதலில், அவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக இருந்தவர்கள். வைக்கோல் கொடுக்காமலே செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது என்று அடிவாங்கியவர்கள். மோசே வந்து விடுதலையைப் பற்றிச் சொன்னபோது மனம் நொந்து போயிருந்ததாலும் வேலையின் கொடுமையாலும் அவர்களால் அதைக் காதில் வாங்கவே முடியவில்லை என்று யாத்திராகமம் 6:9 சொல்கிறது. வேதம் அங்கே அவர்களைத் திட்டவில்லை. நிலைமையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

கர்த்தரும் இதை அறிந்துதான் வழி நடத்துகிறார். எகிப்திலிருந்து கானானுக்குக் குறுக்கு வழி மத்தியதரைக் கடலோரமாகப் போகும் சாலை. அந்தச் சாலை நெடுக எகிப்தியக் கோட்டைகள் இருந்தன. கர்னாக் கோவில் சுவரில் முதலாம் சேத்தி மன்னன் செதுக்கி வைத்த சிற்பங்களில் அந்தக் கோட்டைகளையும் கிணறுகளையும் இன்றும் பார்க்கலாம். யுத்தத்தைக் கண்டால் ஜனங்கள் மனம் மாறி எகிப்துக்கே திரும்பிவிடுவார்கள் என்றுதான் கர்த்தர் அந்த வழியில் அவர்களைக் கொண்டுபோகவில்லை என்கிறது யாத்திராகமம் 13:17. அதாவது, பயணம் தொடங்கும் முன்பே அவர்களுடைய பயத்துக்கு இடம் கொடுத்து வழி வகுக்கப்பட்டுவிட்டது.

சரி, அப்புறம் சூர் வனாந்தரம். குழந்தைகளோடும் ஆடுமாடுகளோடும் மூன்று நாள் தண்ணீர் இல்லாத நடை. கடைசியில் தண்ணீரைக் கண்டால் அது வாயில் வைக்க முடியாத கசப்பு. அந்த இடம்தான் மாரா. கடல் பிளந்தது உண்மை. ஆனால் அது பார்வோனின் இரதங்களிலிருந்து தப்ப வைத்த அற்புதம். பிள்ளை தாகத்தில் அழும்போது போன வாரத்து அற்புதம் நினைவில் இருந்தாலும், அதை இன்றைய தாகத்தோடு முடிச்சுப் போடத் தெரிய வேண்டும். அது அவர்களுக்கு இன்னும் பழகவில்லை. மாராவில் கர்த்தர் ஒரு மரத்தைக் காட்டினார், தண்ணீர் மதுரமானது. அடுத்த தங்கல் ஏலிம். அங்கே 12 நீரூற்றுகளும் 70 பேரீச்ச மரங்களும் இருந்தன. மாராவில் யாரும் தண்டிக்கப்படவில்லை.

தாகத்துக்குத் தண்ணீர் கேட்டது ஒரு குற்றமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தப் பகுதியைக் காட்டி, கஷ்டத்தில் வாய் திறப்பவர்களை அடக்கும் பழக்கம் நம் நடுவில் இருக்கிறது. எகிப்தில் இஸ்ரவேலர் பெருமூச்சுவிட்டு அலறினார்கள். அந்த அலறலைக் கேட்டுத்தான் கர்த்தர் இறங்கி வந்தார். “எதுவரைக்கும், கர்த்தாவே?” என்று கேட்கும் சங்கீதங்கள் வேதத்திலேயே ஜெபங்களாக இருக்கின்றன. மோசேயும் எண்ணாகமம் 11இல், “இந்த ஜனங்களையெல்லாம் நானா பெற்றேன்? இப்படித்தான் செய்வீர் என்றால் என்னைக் கொன்றுபோடும்” என்று நேருக்கு நேர் கொட்டித் தீர்க்கிறார். அதற்குக் கிடைத்த பதில் கோபம் அல்ல. பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்கள்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? ரெவிதீமில் நடந்ததைப் பாருங்கள். அங்கேயும் தண்ணீர் இல்லை. ஜனங்கள் கர்த்தரிடம் பேசவில்லை, மோசேயோடு வாதாடினார்கள். இன்னும் கொஞ்சம் போனால் கல்லெறிந்துவிடுவார்கள் என்று மோசே பயப்படும் அளவுக்குப் போயிற்று. “கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா, இல்லையா?” என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. வழிகாட்டும் மேகத்தூண் முன்னே போகிறது, அன்று காலைதான் கர்த்தர் தந்த மன்னா என்ற உணவைப் பொறுக்கியிருக்கிறார்கள், ஆனாலும் ஒரு கஷ்டம் வந்தவுடன் மொத்த உறவும் விசாரணைக் கூண்டில் ஏறிவிடுகிறது. மாசா (பரீட்சை) என்றும் மேரிபா (வாதாட்டம்) என்றும் அந்த இடத்துக்குப் பெயரானது இதனால்தான். ஆனாலும் கன்மலை பிளந்தது, தண்ணீர் வந்தது.

முதலில் பொறுத்துக்கொண்ட கர்த்தர், பிறகு அதே முறுமுறுப்புக்கு ஏன் கடுமையாகத் தண்டித்தார்?

வரிசையாகப் படிப்பவர்கள் மட்டுமே கவனிக்கும் விஷயம் இது. மாரா, சீன் வனாந்தரம், ரெவிதீம் என்ற மூன்று இடங்களிலும் முறுமுறுத்தார்கள். மூன்றிலும் கேட்டது கிடைத்தது, ஒருவரும் சாகவில்லை. அதன் பிறகு சீனாய் மலையடிவாரத்தில் ஏறத்தாழ ஒரு வருஷம் தங்குகிறார்கள். உடன்படிக்கை, நியாயப்பிரமாணம், ஆசரிப்புக்கூடாரம் எல்லாம் அங்கேதான். இரண்டாம் வருஷம் இரண்டாம் மாதம் 20ஆம் தேதி அங்கிருந்து புறப்படுகிறார்கள். புறப்பட்ட உடனே தபேராவில் முறையிடுகிறார்கள். பாளயத்தின் ஓரத்தில் நெருப்பு பற்றுகிறது. அடுத்து கிப்ரோத் அத்தாவாவில் இறைச்சிக்கு அழுகிறார்கள். காடையும் வருகிறது, வாதையும் வருகிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது சீனாய். அதற்கு முன் அவர்கள் தங்களை மீட்டவர் யாரென்றே அரைகுறையாகத் தெரிந்த ஜனங்கள். அதற்குப் பின், “கர்த்தர் சொன்னதையெல்லாம் செய்வோம்” என்று வாக்குக் கொடுத்து உடன்படிக்கைக்குள் வந்தவர்கள். தெரியாமல் பயப்படுவதும், தெரிந்து வாக்கும் கொடுத்த பிறகு அவரை எகிப்தைவிட மோசமாகப் பேசுவதும் ஒன்றல்ல. தண்டனைகள் வாசிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நினைத்தபோதெல்லாம் சீறும் ஒரு தெய்வத்தின் கதை இது அல்ல.

மன்னா என்பது என்ன? அதை ஏன் சேர்த்து வைக்கக் கூடாது?

யாத்திராகமம் 16 சொல்வது இது: எகிப்தை விட்ட இரண்டாம் மாதம் 15ஆம் தேதி சீன் வனாந்தரம். காலையில் பனி மறைந்ததும் தரையில் மெல்லிய உருண்டைகள் கிடந்தன. கொத்துமல்லி விதை அளவு, வெள்ளை நிறம், தேனிட்ட பணியாரம் போல ருசி. தலைக்கு ஒரு ஓமர். அது ஏறத்தாழ இரண்டு லிட்டர் கொள்ளும் அளவு. அதைத் திரிகையில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், சட்டியில் வேகவைத்தார்கள், அப்பமாகச் சுட்டார்கள் (எண்ணாகமம் 11:8).

சீனாய் பகுதியில் தமரிஸ்கு மரத்தில் வாழும் செதில் பூச்சிகள் இனிப்பான திரவத்தைக் கசியவிடுகின்றன. அது உறைந்து சிறு உருண்டைகளாக விழுவதை 1927இல் ஃப்ரிட்ஸ் போடன்ஹைமர் என்ற பூச்சியியல் அறிஞர் அங்கேயே போய் ஆராய்ந்தார். அந்தப் பகுதி மக்கள் அதை மன்னா என்றே அழைத்துச் சேகரித்து வந்திருக்கிறார்கள். காடைகளும் அப்படித்தான், வருஷந்தோறும் பெருங்கூட்டமாக இடம்பெயரும் பறவைகள், களைத்துப்போய்ச் சீனாய்க் கரையில் இறங்குவது வழக்கம். ஆனால் தமரிஸ்கு இனிப்பு வருஷத்தில் சில வாரங்கள்தான் கிடைக்கும், கொஞ்சமாகத்தான் கிடைக்கும். வேதம் சொல்லும் மன்னா வருஷம் முழுக்க வந்தது, வெள்ளிக்கிழமைக்குச் சமமான ஆறாம் நாள் இரட்டிப்பாக வந்தது, ஏழாம் நாள் வரவே இல்லை. கதையை எழுதியவர் சொல்ல வந்தது அந்த ஒழுங்கைத்தான்.

அந்த ஒழுங்கில்தான் நம்பிக்கையின் பயிற்சி இருக்கிறது. மறுநாளைக்கு வைத்துக்கொள்ளாதே என்றார் மோசே. சிலர் வைத்தார்கள், புழுத்து நாறியது. ஏழாம் நாள் கிடைக்காது என்றார். சிலர் கூடையோடு போனார்கள், வெறுங்கையோடு வந்தார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. நாளைக்குச் சோறு கிடைக்குமா என்று தெரியாமலே வளர்ந்தவர்கள், இன்று கிடைத்ததில் ஒரு பிடி ஒளித்து வைப்பார்கள். அன்றன்று கூலி வாங்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு அந்தக் கை தானாக எப்படி நீளும் என்று தெரியும். கர்த்தர் அந்தப் பழக்கத்தைப் பிரசங்கத்தால் மாற்றப் பார்க்கவில்லை. காலைதோறும் மன்னாவைத் தந்து மாற்றினார், அதுவும் 40 வருஷம்.

இன்னொன்று. ஓய்வுநாள் என்ற ஒன்றை அவர்கள் முதன்முதல் அனுபவித்தது பத்துக் கட்டளைகளுக்கு முன்பே, இந்த மன்னாவின் வழியாகத்தான். விடுமுறையே அறியாத அடிமைகளுக்கு, வேலை செய்யாத நாளிலும் சாப்பாடு உண்டு என்று காட்டப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

அடிமையாக இருந்த எகிப்துக்கே திரும்ப ஆசைப்பட்டார்களே, ஏன்?

மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு. எண்ணாகமம் 11:5இல் அவர்கள் நினைத்து ஏங்கும் பட்டியல் இது. நைல் நதிக்கரை விளைச்சலுக்கு இது பொருந்தவும் செய்கிறது. “சும்மா கிடைத்தது” என்கிறார்கள். சும்மா கிடைக்கவில்லை, ஆண்பிள்ளைகளை ஆற்றில் போட்ட அதே தேசம் அது. ஆனால் பசியும் சலிப்பும் சேர்ந்தால் நினைவு இப்படித்தான் வேலை செய்யும். சவுக்கு மறந்துபோகும், சட்டி மட்டும் நினைவிருக்கும்.

அதோடு, எகிப்தில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வனாந்தரத்தில் மேகம் எழும்பினால் கிளம்ப வேண்டும், நின்றால் கூடாரம் போட வேண்டும்; ஒரு ராத்திரியா ஒரு மாதமா என்று யாருக்கும் தெரியாது.

பொன் கன்றுக்குட்டி: அவர்கள் வேறு தெய்வத்துக்கு மாறிவிட்டார்களா?

மோசே 40 நாள் மலையிலிருந்து இறங்கவில்லை. “இந்த மோசேக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை” என்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. மோசேயின் அண்ணன் ஆரோன் கன்றுக்குட்டியைச் செய்து வைத்து, “நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை” என்று அறிவிக்கிறார் (யாத்திராகமம் 32:5). ஆகவே கர்த்தரின் பெயரை அவர்கள் கைவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாதவருக்காகக் காத்திருப்பதைத்தான் கைவிட்டார்கள். தங்களோடு தூக்கிக்கொண்டு போகக்கூடிய, தங்கள் கைக்கு அடங்கிய ஒன்று வேண்டியிருந்தது. அன்று 3,000 பேர் செத்தார்கள். பல நூற்றாண்டு கழித்து யெரொபெயாம் ராஜா தாணிலும் பெத்தேலிலும் இரண்டு பொன் கன்றுக்குட்டிகளை நிறுத்தியபோது ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் சொன்னான்.

காதேஸ் பர்னேயாவில் நடந்தது என்ன? ஏன் அதுவே எல்லாவற்றுக்கும் திருப்புமுனை?

ஓரேபிலிருந்து (சீனாய் மலையின் இன்னொரு பெயர்) காதேஸ் பர்னேயாவுக்கு 11 நாள் பயணம் என்கிறது உபாகமம் 1:2. அங்கிருந்து கானான் எட்டும் தூரம். கோத்திரத்துக்கு ஒருவராக 12 பேர் போய் 40 நாள் தேசத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். எஸ்கோல் பள்ளத்தாக்கில் அறுத்த ஒரே திராட்சைக் குலையை இரண்டு பேர் தடியில் கட்டித் தூக்கி வந்தார்கள். மாதுளையும் அத்தியும் கொண்டுவந்தார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை, இதைக் கவனிக்க வேண்டும். தேசம் நல்லது, பட்டணங்கள் அரணானவை, எப்ரோனில் இராட்சத உருவமுள்ள ஏனாக்கின் சந்ததியார் இருக்கிறார்கள் என்ற எல்லாமே உண்மைதான். காலேபும் யோசுவாவும் இந்த விவரங்களை மறுக்கவே இல்லை. மற்ற பத்துப் பேர் அதற்கு மேல் ஒரு படி போனார்கள்: “எங்கள் பார்வையில் நாங்கள் வெட்டுக்கிளிகள் போல இருந்தோம், அவர்கள் பார்வையிலும் அப்படியே இருந்தோம்.” முதல் பாதி அவர்களுக்குத் தெரியும், சரி. இரண்டாம் பாதியை யார் சொன்னது? ஏனாக்கியர் தங்களை எப்படிப் பார்த்தார்கள் என்று அவர்கள் போய்க் கேட்டார்களா? உண்மையில் எதிர்ப்பக்கம் என்ன நினைத்தது என்பது ஒரு தலைமுறை கழித்துத்தான் வெளியே வருகிறது. எரிகோவில் ராகாப் என்ற பெண் யோசுவா அனுப்பிய வேவுகாரர்களிடம், செங்கடல் வற்றிய செய்தியைக் கேட்டபோதே எங்கள் இருதயம் கரைந்துபோயிற்று என்று சொல்கிறாள் (யோசுவா 2). இஸ்ரவேலர் பயந்து அழுத அந்த ராத்திரியில், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் பயந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை உபாகமத்தில் மோசே திரும்பச் சொல்லும்போது, எண்ணாகமத்தில் இல்லாத ஒரு பேச்சைச் சேர்க்கிறார். ஜனங்கள் தங்கள் கூடாரங்களுக்குள் இருந்துகொண்டு, “கர்த்தர் நம்மை வெறுக்கிறார், அதனால்தான் அழித்துப்போட எகிப்திலிருந்து கொண்டுவந்தார்” என்று பேசினார்களாம் (1:27). வனாந்தரக் கதை முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு வசனம் போதும் என்று நான் நம்புகிறேன். கர்த்தரால் முடியுமா என்ற சந்தேகமும் அவர்களுக்கு வந்து போனது. சங்கீதம் 78 அதையும் சொல்கிறது. ஆனால் அடி ஆழத்தில் கிடந்த சந்தேகம் வேறு: அவருக்கு நம்மேல் பிரியம் உண்டா? கடலைப் பிளக்கும் வல்லமை, பிரியமில்லாதவர் கையில் இருந்தால் அதைவிடப் பயங்கரம் வேறில்லை. பார்வோனுக்கும் வல்லமை இருந்தது. வல்லமை உள்ளவர் நம்மை என்ன செய்வார் என்பதற்கு அவர்களுக்குத் தெரிந்த ஒரே உதாரணம் பார்வோன்தான். நான்கு வசனம் தள்ளி மோசே சொல்லும் பதில்: ஒரு மனிதன் தன் பிள்ளையைச் சுமப்பதுபோல, நீங்கள் நடந்த வழியெல்லாம் உங்கள் தேவன் உங்களைச் சுமந்து வந்தாரே, பார்த்தீர்களே.

அன்று ராத்திரி முழுக்க அழுதார்கள். வேறொரு தலைவனை வைத்துக்கொண்டு எகிப்துக்குத் திரும்புவோம் என்றார்கள். காலேபையும் யோசுவாவையும் கல்லெறியப் பார்த்தார்கள். மோசே மன்றாடியதால் கர்த்தர் மன்னித்தார். ஆனாலும் 20 வயதுக்கு மேற்பட்டு எண்ணப்பட்டவர்கள் அந்த இருவரைத் தவிர தேசத்துக்குள் போகமாட்டார்கள் என்றானது. வேவு பார்த்த ஒரு நாளுக்கு ஒரு வருஷம். கொள்ளையாகிவிடுவார்கள் என்று யாருக்காகப் பயந்தார்களோ அந்தப் பிள்ளைகளே தேசத்தைச் சுதந்தரிப்பார்கள் என்பது அதோடு சேர்ந்து வந்த வாக்கு.

மறுநாளே “இப்போது போகிறோம்” என்று கிளம்பினார்களே, அது விசுவாசம் இல்லையா?

இல்லை. வேண்டாம், கர்த்தர் உங்கள் நடுவில் இல்லை என்று மோசே தடுத்தும், உடன்படிக்கைப் பெட்டி பாளயத்தை விட்டு நகராமலிருந்தும் மலைமேல் ஏறினார்கள். அமலேக்கியரும் கானானியரும் ஓர்மா வரைக்கும் அடித்துத் துரத்தினார்கள். முந்தின நாள் அவர் போ என்றார், போகவில்லை. இன்று போகாதே என்றார், போனார்கள். துணிச்சல் வந்ததே தவிர கேட்கும் காது வரவில்லை.

40 வருஷமும் நடந்துகொண்டே இருந்தார்களா?

அப்படி ஒரு படம் நம் மனதில் பதிந்திருக்கிறது, ஆனால் காதேசில் நெடுநாள் தங்கியிருந்தார்கள் என்றே உபாகமம் சொல்கிறது. காதேசை விட்டு சேரேத் ஆற்றைக் கடக்கும் வரை 38 வருஷம். அந்த 38 வருஷங்களைப் பற்றி வேதம் பேசுவது மிகக் குறைவு. கோராகு, தாத்தான், அபிராம் ஆகியோர் 250 தலைவர்களோடு எழுப்பிய கலகம், ஆரோனின் கோல் துளிர்த்தது, சில சட்டங்கள், எண்ணாகமம் 33இல் வரும் பாளயங்களின் பட்டியல், அவ்வளவுதான். அந்த வருஷங்களில் பிள்ளைகள் பிறந்தார்கள், பெற்றோரை அடக்கம் பண்ணினார்கள், தினமும் காலையில் மன்னாவைப் பொறுக்கினார்கள். தண்டனைக் காலத்திலும் மன்னா நிற்கவில்லை, மேகமும் விலகவில்லை. நெகேமியா 9ஆம் அதிகாரத்து ஜெபம் இதைத்தான் குறிப்பாக எடுத்துச் சொல்கிறது.

மோசே ஏன் கானானுக்குள் போகவில்லை?

மீண்டும் காதேஸ், மீண்டும் தண்ணீர் இல்லை (எண்ணாகமம் 20). மோசேயின் அக்கா மிரியாம் அங்கேதான் மரித்து அடக்கம் பண்ணப்பட்டிருந்தாள். கன்மலையோடு பேசு என்று கட்டளை. மோசே ஜனங்களைக் கலகக்காரர்கள் என்று அதட்டிவிட்டு, கோலால் இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் வந்தது. ஆனால் “நீங்கள் என்னை விசுவாசியாமல் போனீர்கள்” என்று மோசேயிடமும் ஆரோனிடமும் சொல்லப்பட்டது.

தண்டனை அதிகம் என்று பலருக்குத் தோன்றும், எனக்கும் அதைப் படிக்கும்போது மனம் கனக்கும். ஒன்று மட்டும் சொல்லலாம். இந்த முறை ஜனங்கள்மேல் கர்த்தர் கோபப்பட்டதாக அந்த இடத்தில் எழுதப்படவில்லை. தாகத்தில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் சொன்னார். அவர் கோபப்படாத நேரத்தில் அவருடைய பிரதிநிதி கோபத்தைக் காட்டினார். ஆரோன் 40ஆம் வருஷத்தில் ஓர் என்னும் மலையில் மரித்தார். மோசே 120 வயதில் நேபோ மலையிலிருந்து தேசத்தைப் பார்த்துவிட்டு மரித்தார்.

வெண்கல சர்ப்பத்தைப் பார்த்ததும் பிழைத்தது எப்படி?

பயணத்தின் கடைசிக் கட்டத்தில் மறுபடியும் மன்னாவை அற்பமான உணவு என்று வெறுத்துப் பேசினார்கள். கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடித்தன. இந்த முறை ஜனங்கள் தாங்களாகவே வந்து “பாவம் செய்தோம்” என்று மோசேயிடம் ஒப்புக்கொண்டார்கள். கம்பத்தில் ஏற்றிய வெண்கல சர்ப்பத்தை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பாம்புகள் உடனே மறைந்ததாக வேதம் சொல்லவில்லை. கடிபட்டவன் பிழைக்க வழி கிடைத்தது. பிற்காலத்தில் ஜனங்கள் அந்த வெண்கலத்துக்கே தூபம் காட்டத் தொடங்கியதால் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). யோவான் 3இல் இயேசு தம் சிலுவை மரணத்தைப் பற்றிப் பேச இந்தச் சம்பவத்தை எடுக்கிறார்.

அந்தத் தலைமுறையில் நம்பியவர்களே இல்லையா?

இருந்தார்கள். காலேப் வேவு பார்க்கப் போனபோது அவருக்கு 40 வயது. 85 வயதில் யோசுவாவிடம் வந்து கேட்டது எந்த இடம் தெரியுமா? பத்துப் பேரைக் கதிகலங்க வைத்த ஏனாக்கியர் வாழ்ந்த அதே எப்ரோன் மலைநாடு. கேட்டார், வாங்கினார், அவர்களைத் துரத்தவும் செய்தார்.

அதிகம் பேசப்படாதவர்கள் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் (எண்ணாகமம் 27). அப்பா வனாந்தரத்தில் இறந்துவிட்டார், ஆண்பிள்ளை இல்லை. மோசேக்கும் எல்லாத் தலைவர்களுக்கும் முன்னால் வந்து நின்று, எங்கள் அப்பாவின் பங்கு நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்றார்கள். யோர்தானுக்கு அப்பால் அந்த நிலத்தில் இன்னும் ஒரு அடிகூடக் கைக்கு வரவில்லை! பெற்றோர் தலைமுறை போக மறுத்த தேசத்தில் இவர்கள் பாகப்பிரிவினை பேசினார்கள். அவர்கள் கேட்பது சரி என்றார் கர்த்தர், சட்டமே மாறியது. வனாந்தரத்தில் முளைத்த விசுவாசத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் வரலாற்று ஆதாரம் உண்டா?

வேதத்துக்கு வெளியே “இஸ்ரவேல்” என்ற பெயரைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு எகிப்திய மன்னன் மெர்னெப்தாவுடையது, ஏறத்தாழ கி.மு. 1208ஐச் சேர்ந்தது. 1896இல் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி அதைக் கண்டெடுத்தார். அது இஸ்ரவேலைக் கானானில் இருந்த ஒரு ஜனமாகக் குறிப்பிடுகிறது. ஆனால் எண்ணாகமம் சொல்லும் 6,03,550 புருஷர் என்ற அளவிலான கூட்டம் சீனாயில் வாழ்ந்ததற்குத் தொல்லியல் தடயம் கிடைக்கவில்லை. காதேஸ் பர்னேயா என்று பலரும் கருதும் அயின் எல் குதைராத் நீரூற்றருகே தோண்டியபோது முக்கியமாகக் கிடைத்தவை பிற்கால ராஜாக்கள் காலத்துக் கோட்டைகள். ஒரு சிறிய கூட்டம் வந்திருக்கலாம், அதன் நினைவு பின்னர் எல்லாக் கோத்திரங்களுக்கும் பொதுவானது என்பது பல அறிஞர்களின் கருத்து. கூடார வாழ்க்கை தடயம் விடாது என்று பதில் சொல்பவர்களும் உண்டு. இந்த விவாதம் நேர்மையாக நடக்கட்டும். விசுவாசி அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

பிற்காலத்து யூதரும் கிறிஸ்தவரும் இதை எப்படி நினைவுகூருகிறார்கள்?

கூடாரப் பண்டிகையில் யூதக் குடும்பங்கள் ஏழு நாள் தழைக் கூரைக் குடிலில் தங்கவோ சாப்பிடவோ செய்கிறார்கள். யூத நாட்காட்டியின் ஆப் மாதம் 9ஆம் தேதி உபவாச நாள். எருசலேம் ஆலயம் இரண்டு முறை அழிந்ததோடு, முன்னோர் தேசத்துக்குள் போகமாட்டார்கள் என்று தீர்ப்பானதும் அதே நாளில்தான் என்கிறது யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. மேரிபாவைப் போல இருதயத்தைக் கடினப்படுத்தாதே என்று எச்சரிக்கும் 95ஆம் சங்கீதத்தோடுதான் பல யூத சமூகங்களில் வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் வரவேற்பு தொடங்குகிறது. எபிரெயர் நிருபம் 3, 4 அதிகாரங்களும் அதே சங்கீதத்தை எடுத்து விளக்குகின்றன.

இயேசு வனாந்தரத்தில் 40 நாள் சோதிக்கப்பட்டபோது சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை. மனிதன் அப்பத்தினால் மட்டும் பிழைப்பதில்லை என்பது மன்னாவைப் பற்றிய வசனம். தேவனைப் பரீட்சை பார்க்காதே என்பது மாசாவைப் பற்றியது. இஸ்ரவேல் தடுமாறிய அதே கேள்விகளுக்கு முன்னால் அவர் நின்றார் என்பதை மத்தேயுவின் வாசகர்கள் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஆச்சரியமான இன்னொரு குரலும் உண்டு. எரேமியா 2:2இல் கர்த்தர் அந்தக் காலத்தை நினைக்கும்போது முறுமுறுப்பைச் சொல்லவில்லை. விதையாத தேசத்தில் என் பின்னால் வந்தாயே, அந்த இளவயதின் அன்பை நினைக்கிறேன் என்கிறார். எல்லாக் கலகத்துக்கும் பிறகு அவர் நினைவில் வைத்திருப்பது இதைத்தான் என்றால், கூடாரத்துக்குள் அவர்கள் பேசிய “நம்மை வெறுக்கிறார்” என்ற பேச்சு எவ்வளவு தப்பானது!

முதல்முறை வாசிப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

யாத்திராகமம் 14 முதல் 17 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். அடுத்து 32 முதல் 34. பிறகு எண்ணாகமம் 11 முதல் 14. அதை முடித்த கையோடு உபாகமம் 1ஐ வாசித்தால், ஒரே சம்பவத்தை மோசே வயதான பிறகு எப்படிச் சொல்கிறார் என்று தெரியும். எண்ணாகமம் 20, 21, 27 அதன் பின். யோசுவா 5இல் புது நிலத்தின் தானியத்தைச் சாப்பிட்ட மறுநாள் மன்னா நின்றுபோகிறது. கடைசியாக சங்கீதம் 78, 106. நடுவில் வரும் சட்டங்களையும் கணக்கெடுப்புகளையும் முதல் வாசிப்பில் தாண்டிப் போகலாம், இரண்டாம் முறை அவற்றுக்கும் நேரம் கொடுங்கள்.